வனத்திக்கு வைத்த பொட்டு

கல்லுக்குப் பொட்டு வைத்தவன் யாரென்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என்னையும் சேர்த்து மொத்தக் கூட்டத்தையும் சைட்டை விட்டு வெளியே தள்ளிவிடுவதாகக் கௌரிசங்கர் குதித்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கௌரிசங்கர் எங்கள் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர். மெட்ராஸ்காரர், நல்ல படிப்பு, ஆனால் கோபம் வந்துவிட்டால் என்ன பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாது. நீங்களே போய்ப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கறுப்புக் கல், என் நெஞ்சு உயரம் இருக்கும். அதில் ஒரு பொம்பளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலையில் முக்காடு, கையில் வட்டமாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அவள் நெற்றியில் எடுப்பாகக் குங்குமம். காலடியில் ஒரு முழம் மல்லிகைப்பூ. கீழே எழுத்து வெட்டியிருக்கிற இடத்தில், அதுவும் உடைந்துபோன மூலையாகப் பார்த்து, மஞ்சள் பூசியிருந்தது. முந்தின நாள் நாங்கள் துணி போட்டு மூடிவிட்டுப் போகும்போது இது ஒன்றுமே கிடையாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேர் தேவசுந்தரம். ஊர் குறும்பனை, குமரிக் கடற்கரை. கிறிஸ்தவன், எங்கள் ஊரில் வேதக்காரன் என்பார்கள். புஜைரா போர்ட்டில் கனமான சாமான்களைச் சங்கிலி கட்டித் தூக்கி இறக்குகிற வேலையில் பல வருஷம் கிடந்தேன். இப்போது அபுதாபியில், கண்காட்சிகளுக்குச் சிலைகளையும் கல்லுகளையும் தூக்கி வைக்கிற ஒரு கம்பெனியில் போர்மேன். கண்டெய்னரைத் தூக்கினவனுக்குக் கல் ஒரு பொருட்டா என்று நினைத்துத்தான் வந்தேன். கண்டெய்னர் கீழே விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் வருவான். இங்கே ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாட்டுக்காரன் வருவான். எந்தக் கண்காட்சிக்கூடம் என்று மட்டும் கேட்காதீர்கள், நாளைக்கும் நான் இங்கே சோறு தின்ன வேண்டும்.

அந்தக் கல் துருக்கியிலிருந்து வந்தது. கூடவே எலிஃப் மேடமும் வந்தார். இந்த மாதிரி சாமான் எங்கே போனாலும் கூடவே ஒரு ஆள் போய், பெட்டி திறந்து நிறுத்தி வைக்கிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளும். அந்த ஆளுக்கு கூரியர் என்று பேர். எலிஃப் மேடம் அந்தக் கல்லிலேயே தலை நரைத்தவர். பெட்டி வந்த உடனே திறக்க விடமாட்டார்கள், இந்த ஊர் குளிருக்கும் காற்றுக்கும் கல் பழகட்டும் என்று ஒரு நாள் ஏசி ரூமில் அப்படியே வைத்திருப்பார்கள். நான் முதன்முதல் புஜைராவில் வந்து இறங்கின அன்றைக்கு, பெட்டியைக் கீழே வைக்கவிடாமல் யல்லா யல்லா என்று வெயிலில் துரத்தினான்கள். கல்லாகப் பிறந்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு மணிகண்டன் மட்டும் சிரித்தான்.

எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிர மூன்று பேர். மணிகண்டன் தஞ்சாவூர்ப் பக்கம். விபின் எங்கள் ஊர்ப் பக்கம், கிரேன் ஓட்டுவான். மூன்றாவது கன்னியப்பன், திருவண்ணாமலைக்கு வடக்கே போளூர்ப் பக்கம். எண்ணெய் போட்ட கீல் மாதிரி சத்தமே இல்லாமல் வேலை செய்வான். அவன் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் பெட்டி திறந்த அன்றைக்குக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்று, யாருண்ணா இந்தம்மா என்று கேட்டான். நான் எலிஃப் மேடத்திடம் கேட்டுச் சொன்னேன்.

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது போல. விரலால் தொடாமல், ஒரு சாண் தள்ளிக் காற்றில் விரலை ஓட்டி வாசித்துக் காட்டினார். முதல் வரி வலமிருந்து இடம் போகிறது, அடுத்த வரி அங்கிருந்தே திரும்பி வருகிறது. ஏர் ஓட்டுற மாதிரி என்று கன்னியப்பன் மெதுவாகச் சொன்னான். கல்லை நட்டவன் அவள் புருஷன் என்றார் மேடம். அவள் செத்த பிறகு நட்டிருக்கிறான். ஏறத்தாழ மூவாயிரம் வருஷம் ஆகிறது. அவன் பேர் பாதி மிஞ்சியிருக்கிறது, அவள் பேர் இருந்த மூலை உடைந்து எங்கோ போய்விட்டது. அவளைப் பற்றி மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். லூவியன் என்று ஒரு பாஷை, பேச ஆள் இல்லாமல் எப்போதோ அற்றுப்போனது, அதில் வனத்தி என்றால் பொம்பளை என்று அர்த்தமாம். பெண்டாட்டி என்றும் எடுத்துக்கொள்ளலாம், இங்கே எது என்று சொல்ல அடுத்த எழுத்துகள் வேண்டும், அவையும் இல்லை என்றார்.

கௌரிசங்கருக்கு அது போதும். இது தமிழ்தான் மேடம், வனத்தி, வனிதை, எல்லாம் எங்களுடையது என்று ஆரம்பித்து, அங்கேயே நின்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். மேடம் பொறுமையாகத் தலையை ஆட்டி, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று காரணம் சொன்னார். கௌரிசங்கர் கேட்டால்தானே. கன்னியப்பன் இது எதையும் கவனிக்கவில்லை. பேரே இல்லையா, பொம்பளைன்னு மட்டுந்தான் இருக்குதா என்று என்னிடம் திரும்பக் கேட்டான். ஆமாப்பா, அவ்வளவுதான் என்றேன். அன்றைக்கு வேலை அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில்தான் இந்தக் கூத்து. எலிஃப் மேடம் கத்தவில்லை, அழவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் உண்டு, தூள் உள்ளே இறங்கிவிட்டால் எடுக்க முடியாது, யார் செய்தது, ஏன் செய்தது என்று கேட்டுக்கொண்டே சின்ன பிரஷ்ஷை எடுத்து உட்கார்ந்துவிட்டார். கூரை முழுக்கக் கேமரா மாட்டியாச்சு, வயர் கொடுக்கிறவன் மட்டும் அடுத்த வாரம்தான் வருகிறான். ஆகவே கௌரிசங்கர் என் தலையில் கட்டிவிட்டார். பேர் கிடைத்தால் அந்த ஆளுக்கு விசா கேன்சல், டிக்கெட், நேரே ஏர்போர்ட். பேர் கிடைக்காவிட்டால் நான்கு பேருக்கும் அதேதான்.

முதலில் மணிகண்டனைப் பிடித்தேன். சத்தியமாக நான் இல்லை என்றான். அப்புறம் தானாகவே, பெட்டியைத் திறந்தபோது ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன், அது தப்பா என்று கேட்டான். சேஃப்டி ஷூவைக் கழற்றினது தப்புதான், ஆனால் நான் கேட்ட தப்பு அது இல்லை. அடுத்து விபின். அவன் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. காலையில் துணியை எடுத்ததே அவன்தானாம். குங்குமத்தைப் பார்த்தானாம். பார்த்துவிட்டு, அது கல்லோடேயே வந்தது என்று நினைத்துப் போய்விட்டானாம்.

"முந்தின நாள் இல்லையேலே" என்றேன்.

"நேத்தைக்கு இருந்திச்சா இல்லியான்னு யாருக்கு ஓர்மை. கறுத்த கல்லுன்னா குங்குமம் இருக்கத்தானே செய்யும்" என்றான்.

அவனை நாலு ஏசு ஏசலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. காலையில் டீ கப்போடு நானும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போனேன். வேதக்காரன், கோயில் பக்கம் போகாதவன், என் கண்ணிலும் அது படவே இல்லை. ஊரில் ரோட்டோரக் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கண் அப்படி மரத்துக் கிடக்கிறது. துருக்கிக்காரி ஒருத்தி வந்து பார்த்துப் பதறினால்தான் எங்களுக்குத் தெரிகிறது, அது அங்கே இருக்கக் கூடாது என்று.

கன்னியப்பன் பின்பக்கம் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மிரட்டுவதற்கென்றே நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் வீண். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"நான்தாண்ணா வெச்சேன்."

"எதுக்குலே? சாமின்னு நெனச்சியா?"

"சாமி இல்லண்ணா. பொம்பள. அந்தம்மாதான் சொன்னாங்களே."

எனக்கு ஒரு எளவும் விளங்கவில்லை. உட்காரவைத்து மெல்லக் கேட்டேன். அவன் பெண்சாதி மாசி மாதம் காய்ச்சலில் போய்விட்டாள், அது எங்களுக்குத் தெரியும். விசா புதுப்பிக்கிறதற்காக அவன் பாஸ்போர்ட் அப்போது ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தது, அதனால் பிணம் எடுக்கிறதற்குப் போக முடியவில்லை. இப்போது ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், அடுத்த வாரம் முகூர்த்தம். லீவு கேட்டான். திறப்பு விழா முடிகிறவரை யாருக்கும் மாஃபி, லீவே கிடையாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ராஜினாமா கொடுத்தாலும் நோட்டீஸ் காலம் முடியாமல் விடமாட்டார்கள். இதில் கல் எங்கே வந்தது என்று கேட்டேன்.

அவர்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டாம். புருஷன் இருக்கும்போதே, பூவோடும் பொட்டோடும் செத்துப்போகிற பொம்பளை அந்த வீட்டுக்குத் தெய்வம். பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் அவளைத்தான் முதலில் அழைக்க வேண்டும். கிணற்றடிக்கோ குளத்தங்கரைக்கோ போய், பூவும் மஞ்சளும் குங்குமமும் புடவையும் வைத்து, வா தாயே என்று கூப்பிட்டு வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பெற்ற மகளின் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட வேண்டியவன் இவன். இவன் இங்கே அபுதாபியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

சரி, அப்படியென்றால் இந்தக் கல்தான் உன் பெண்சாதியா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்போ வேறு யாரோ ஒருத்தியா என்றேன். அப்படியும் சொல்ல முடியாது என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்று ஆமா என்று சொல், இல்லையென்றால் இல்லை என்று சொல், நான் மேலே போய் என்னவென்று சொல்லட்டும் என்று கத்தினேன். அவன் கையில் இருந்த மரச்சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எங்க வூட்டுல பூவாடைக்காரிக்குப் பேரு கெடையாதுண்ணா. எங்க பெரியம்மா, அவங்க மாமியா, அதுக்கு முன்னாடி இருந்தவங்க, எல்லாரும் அதுலதான் சேந்துட்டாங்க. பேரு மறந்தாத்தான் சாமி. இந்தம்மாவும் புருஷன் நட்ட கல்லு, பேரு போயி பொம்பளைன்னு மட்டும் நிக்கிது. அப்ப இதுவும் அந்தக் கூட்டந்தானே? இங்க கெணறு இல்ல, கொளம் இல்ல. நான் எங்க நின்னு அவளக் கூப்புடுவேன், சொல்லுங்க."

மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி துருக்கியில் செத்தவள் போளூர்க்காரர்களின் வீட்டுத் தெய்வம் என்கிறான். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம் என்று பார்த்தால், எங்கே தப்பு என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை. கடைசியில் போர்மேன் பேசுகிற பேச்சையே பேசினேன். இதற்கு விசா கேன்சல் பண்ணுவார்கள், டிக்கெட் போட்டு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், தெரியுமா என்றேன். எப்போ ஏத்துவாங்க என்று கேட்டான். லீவு தருவதற்குத்தான் இவர்களுக்கு இரண்டு மாதம் ஆகும், விரட்டுவதற்கு இரண்டு நாள் போதும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு போன் பண்ணிக்கட்டுமா என்றான். பாவம், அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, போய்ப் பேசு மக்கா என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

என்னுடைய நல்ல வேலைக்காரனை ஒரு சிட்டிகைக் குங்குமத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மனதுக்குள் வைராக்கியம் ஏறிவிட்டது. கௌரிசங்கரிடம் போகவில்லை. நேரே எலிஃப் மேடத்திடம் போனேன். அவர் பஞ்சு சுற்றின குச்சிகளால் ஒற்றி ஒற்றி நெற்றிப் பொட்டை முழுக்க எடுத்துவிட்டிருந்தார். உடைந்த மூலையில் மட்டும் மஞ்சள் ஒரு பொத்தலுக்குள் இறங்கிவிட்டது. யார் என்று தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது, ஆனால் முதலில் ஏன் என்று கேளுங்கள் என்றேன். என்னுடைய இங்கிலீஷ் போர்ட்டில் படித்த இங்கிலீஷ். ஹெவி, ஸ்லோ, ஸ்டாப், கேர்ஃபுல், இதை வைத்துக்கொண்டு பூவாடைக்காரியை விளக்க வேண்டும்.

இவளைத் தெய்வம் என்று நினைத்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். செத்துப்போன மனைவி என்று நினைத்தானா என்றார். இல்லை என்றேன். பிறகு யாராக நினைத்தான் என்றார். இரண்டும்தான் என்றேன். அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தயவுசெய்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார். ஒவ்வொன்றாகத்தான் சொன்னேன், சேர்த்துப் பார்த்தால் எனக்கே குழப்பமாக இருந்தது. கிணறு, புடவை, பந்தக்கால், பேர் மறந்த பொம்பளைகள் என்று வியர்க்க விறுவிறுக்கச் சொல்லி முடித்தேன்.

அவருடைய மனைவியின் பேர் என்ன என்று மேடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே கேம்ப்பில் இருந்தும், எங்க வூட்டுல, பசங்க அம்மா, இதைத் தவிர அவன் வேறு சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் பேர் சொல்வதில்லை, தடையா என்றார். தடை எல்லாம் இல்லை, நாங்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான் என்று என் போனை எடுத்துக் காட்டினேன். என் பெண்சாதி ஜெபகனி குவைத்தில் ஃபர்வானியாவில் நர்ஸ். போனில் அவள் நம்பரை வீடு என்றுதான் போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தமிழில் வாசித்து அர்த்தம் சொன்னேன். உங்கள் மனைவி வீடா என்று கேட்டார். ஆமா மேடம் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் அந்த உடைந்த மூலையைக் காட்டினார். கல்யாணமான புதிதிலிருந்து இவளுக்குப் பேர் தேடுகிறேன், அந்தத் துண்டு கிடைக்குமா என்று எத்தனையோ மழைக்காலத்துக்குப் பிறகு இந்தக் கல் கிடைத்த மலைப்பக்கம் போய்த் தோண்டியிருக்கிறேன், பொம்பளை என்ற ஒரு சொல்லோடு இவள் நின்றுவிட்டாளே என்று எனக்கு எப்போதும் வருத்தம் என்றார். அந்த ஒரு சொல் போதும் என்று ஒருவன் வந்து மஞ்சள் வைப்பான் என்று நினைக்கவில்லை. இதை நான் என்னவென்று எழுத, எனக்குக் குழப்பமாக இருக்கிறது என்றார். குழப்பம் என்றால் நல்லதுதான், குழம்பினவர் சட்டென்று தண்டனை கொடுக்க மாட்டார் என்று எனக்குள் ஒரு தெம்பு வந்தது.

நான் நினைத்தபடியே ஆயிற்று. நிறுத்தும்போது கொஞ்சம் தூள் பட்டது, கல்லுக்குப் பாதகம் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, புகார் எதுவும் இல்லை, யார் பேரும் எனக்கு வேண்டாம் என்று அவரே கௌரிசங்கரிடம் போய்ச் சொன்னார். கௌரிசங்கருக்கு ஒரே எரிச்சல், ஆனால் வந்தவரே வேண்டாம் என்றால் இவர் என்ன செய்ய. பிழைத்துப் போங்கள், ஆனால் திறப்பு விழா முடிகிறவரை உங்கள் கூட்டத்தில் ஒருவன் லீவு என்று வாயைத் திறக்கக் கூடாது என்றார். சரி சார், சரி சார் என்று சொல்லிவிட்டு, என் வயதுக்கு ஓடக் கூடாத ஓட்டம் ஓடி வண்டி நிற்கிற இடத்துக்கு வந்தேன்.

மூன்று பேரும் கேம்ப்புக்குப் போகிற வண்டியில் ஏறியிருந்தார்கள். கன்னியப்பனைக் கீழே இறக்கி, தோளைப் பிடித்து, கலாஸ், எல்லாம் முடிந்தது, உன்னை அனுப்பவில்லை, நான் பேசிச் சரிக்கட்டிவிட்டேன் என்றேன். அவன் சிரிப்பான், கும்பிடுவான், குறைந்தது அண்ணா என்று ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று நின்றேன். அவன் அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப டிக்கெட் இல்லையாண்ணா?" என்றான்.

"டிக்கெட்டா?"

"பொண்ணுக்குப் போன் பண்ணி, அப்பா வரேன்னு சொல்லிட்டேன்."

மத்தியானம் அவன் கேட்ட போன் அதற்குத்தான். அதிர்ச்சியில் பேசாமல் இருந்தான் என்று நான் நினைத்தது, சந்தோஷத்தில் பேசாமல் இருந்திருக்கிறான். மறு நிமிஷம் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. விரட்டிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் பொட்டு வைத்தாயா, அந்தச் சாமி கதை எல்லாம் டிக்கெட்டுக்காகச் சொன்னதா, அதை நம்பி நான் ஒரு அன்னியப் பொம்பளையிடம் போய்க் கெஞ்சினேனே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். மணிகண்டனும் விபினும் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவன் கோபப்படவில்லை. "வெக்கும்போது கும்புட்டு அழைக்கத்தாண்ணா வெச்சேன், வேற ஒண்ணும் நெனைக்கல" என்றான். "நீங்க வந்து டிக்கெட்டுன்னு சொன்னப்பதான், அவ காதுல விழுந்துடுச்சின்னு நெனச்சேன். அவள எடுக்கறதுக்கும் நான் போவல. கூப்புடறதுக்காச்சும் வா, அப்படின்னு அவதான் வழி பண்ணிட்டான்னு நெனச்சேன்."

அப்புறம் எழுந்து, பரவாயில்லண்ணா, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வண்டியில் ஏறப் போனான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நில்லு என்றேன். கேன்சல் பண்ணினால் திரும்ப இந்தக் கம்பெனிக்கு வர முடியாது, இந்த நாட்டுக்கே வர முடியுமோ முடியாதோ, யோசித்தாயா என்று கேட்டேன். யோசிச்சிட்டுத்தாண்ணா பொண்ணுகிட்ட சொன்னேன் என்றான்.

திரும்பவும் கௌரிசங்கரிடம் போனேன். கன்னியப்பனை அனுப்பிவிடுங்கள் சார் என்றேன். அவர் லேப்டாப்பை மூடிவிட்டு, உங்களுக்கு வெயில் ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். அரைமணி நேரத்துக்கு முன்னால் பிழைத்தோம் என்று ஓடினவர் நீங்கள்தானே என்றார். நான்தான், ஆனால் இப்போது அவனிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். பொட்டு வைத்தது அவன்தான். திறப்பு விழா அன்றைக்கும் வைப்பான். ஷேக்குகள் எல்லாம் வந்து நிற்கும்போது தேங்காய் உடைத்தாலும் உடைப்பான், போர்மேன் என்கிற முறையில் நான் பொறுப்பு ஏற்க மாட்டேன் என்றேன். வாழ்நாளில் ஒருவனைப் பற்றி நான் சொன்ன மகா பொய் அதுதான். தேங்காய் என்றதும் கௌரிசங்கர் முகம் மாறிவிட்டது. அங்கேயே போனை எடுத்து ஆபீஸுக்குப் பேசினார்.

மறுநாள் மத்தியானம் கன்னியப்பனை ஆபீஸ் வண்டி வந்து கூட்டிக்கொண்டு போனது. போகும்போது சைட்டுக்குள் வர விடவில்லை. வெளியிலிருந்தே எனக்குக் கையைத் தூக்கினான். கை நிறைய சாமானோடு வருஷம் தவறாமல் ஊருக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையோடு, வேலை போய், அப்படி ஒரு முகத்தோடு போன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, விபின் பார்க்கிறான் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே போனால் எலிஃப் மேடம் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சேதி போய்விட்டது. முகத்தில் அப்படி ஒரு கோபம், குங்குமத்தைப் பார்த்த அன்றைக்குக்கூட இல்லாதது. புகார் இல்லை என்று நான் சொன்ன பிறகும் அந்த மனிதரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டார்.

நான்தான் மேடம் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்காக என்னிடம் அவ்வளவு பேசினீர்களே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் தேடிப் பார்த்தேன். ஹெவி, ஸ்லோ, கேர்ஃபுல், ஒன்றும் இதற்கு உதவவில்லை. கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"அவனை அவன் பெண்சாதி கூப்பிட்டாள் மேடம். அதான் அனுப்பினேன்."

"அவர் மனைவி இறந்துவிட்டதாக நேற்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"ஆமா மேடம்" என்றேன். "செத்துப் போனாள்."